சர்வஜனமும் சல்லடையும்

அமெரிக்காவிலே ஒருவகைப் பள்ளிக்கூடம் உண்டு. 'கல்லூரிக்குத் தயார் செய்யும் பள்ளி' என்பது அதன் பெயர். அவற்றில் கத்தோலிக்கப் பாதிரிமார் நடத்துபவை அநேகம். பையன்களுக்கு மட்டுமே ஆனவையும் பல. உள்ளே நுழைகிற பையன் நான்கு வருஷம் கழித்து நேரே ஒரு சர்வகலாசாலையின் வாசலில் போய் நிற்க வேண்டும். அதற்கு மேல் ஒரு நோக்கம் அந்தப் பெயரில் இல்லை. நம் ஊரில் யாரும் இந்தப் பெயரைப் பலகையில் எழுதி மாட்டுவதில்லை. ஆனால் மனசாட்சியோடு எழுதுவதென்றால், நம்மிடையே பேர்பெற்ற பள்ளிக்கூடங்களில் பெரும்பாலானவை, பாதிரிமார் நடத்தும் ஆண்பிள்ளைப் பள்ளிகளில் பலவும் சேர்த்தே, இதைத்தான் எழுதி மாட்டியாக வேண்டும்.

எனக்கு அந்த நோக்கத்தின் மேல் ஒரு வழக்கு இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நான் பிளஸ் டூவோடு படிப்பை நிறுத்திக்கொண்டு எழுத வந்தவன். 'கல்லூரி வாசலை மிதிக்காதவனுக்குக் கல்லூரி மேல் வயிற்றெரிச்சல்' என்று ஒரு வரியில் பதில் சொல்லி முடித்துவிட நினைப்பவர்களுக்கு இந்தத் தகவலை முதலிலேயே கொடுத்துவிடுகிறேன். கல்லூரியின் மேல் எனக்கு எரிச்சல் கிடையாது. நான் குடியிருக்கும் பீளமேட்டில் தடுக்கி விழுந்தால் ஒரு கல்லூரி வாசலில்தான் விழ வேண்டும். காலையிலும் மாலையிலும் அவிநாசி ரோட்டில் அந்தப் பிள்ளைகள் கூட்டமாகப் போவதைப் பார்ப்பதில் எனக்குச் சந்தோஷம்தான். என் சண்டை பள்ளிக்கூடத்தோடு. பன்னிரண்டு வருஷம் ஒரு குழந்தையைக் கையில் வைத்திருக்கிற ஸ்தாபனம், தன்னை அடுத்த ஸ்தாபனத்தின் திண்ணையாக மட்டும் எண்ணிக்கொள்ளலாமா என்பதுதான் கேள்வி.

பீளமேட்டில் 1924-ஆம் வருஷம் ஒரு பள்ளிக்கூடம் ஆரம்பித்தார்கள். அதற்கு 'சர்வஜன' என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயரை வைத்தவர்கள் பஞ்சும் நிலமும் வியாபாரமுமாக இருந்த ஒரு குடும்பத்தார். இரண்டு வருஷம் கழித்து, 1926-இல், அண்ணன் தம்பி நால்வரும் சொத்தைப் பங்கு பிரித்தபோது ஐந்தாவதாக ஒரு பங்கு போட்டுத் தர்மத்துக்கு எழுதி வைத்தார்கள் என்பது இந்த ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த கதை. பி.எஸ்.ஜி. அறநிலையம் அப்படிப் பிறந்ததுதான். எனக்கு அந்த ஐந்தாம் பங்கைக் காட்டிலும் பள்ளிக்கூடத்தின் பெயர்தான் பெரிதாகப் படுகிறது. யார் எந்தத் தெருவில் நடக்கலாம், யார் எந்தக் கிணற்றில் நீர் சேந்தலாம் என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு காலத்தில், பலகையிலே 'எல்லா ஜனங்களுக்கும்' என்று எழுதி மாட்டினார்கள்.

'கத்தோலிக்க' என்ற சொல்லுக்கும் அதுதான் அர்த்தம். கிரேக்க பாஷையில் அதன் மூலச்சொல்லுக்கு 'முழுமைக்கும் உரிய', 'எல்லாருக்குமான' என்றே பொருள். சர்வஜனப் பள்ளி என்பதும் கத்தோலிக்கப் பள்ளி என்பதும் அகராதிப்படி ஒரே பெயர்தான். ஆனால் இன்றைக்குக் கத்தோலிக்க ஆண்பிள்ளைப் பள்ளி என்று சொன்னவுடன் நம் மனக்கண்ணில் எழுவது என்ன? மதில் சுவர், விண்ணப்பப் படிவத்துக்கு விடியற்காலை வரிசை, தாயும் தகப்பனும் உட்கார்ந்து பதில் சொல்லும் 'இண்டர்வியூ', இங்கிலீஷ். எல்லாருக்கும் என்ற சொல், ஒரு சிலருக்கு என்று அர்த்தம் மாறிப்போனது எப்படி?

சரித்திரத்தைக் கொஞ்சம் திருப்பிப் பார்க்கலாம். ஏசு சபையார் தங்களைச் சேராத பொதுப்பிள்ளைகளுக்கென்று முதல் கலாசாலையைத் திறந்தது 1548-இல், சிசிலித் தீவின் மெஸ்ஸினா நகரில். இன்றைய கத்தோலிக்கப் பள்ளிகளின் வகுப்பு முறை, பாட ஒழுங்கு, பரீட்சை இவற்றுக்கெல்லாம் தாய் ஏடு என்று சொல்லத்தக்க அவர்களுடைய கல்விச் சட்டம் 1599-இல் வெளிவந்தது. இவையெல்லாம் பலர் அறிந்தவை. பலர் அறியாதது ஒன்றுண்டு. அந்தச் சபையின் விதிப்படி, கற்பிப்பதற்குக் காசு வாங்கக் கூடாது. ஒரு கலாசாலை திறக்க வேண்டுமானால், முதலில் யாராவது ஒரு பிரபுவோ நகரசபையோ அதற்குச் சொத்து எழுதிவைக்க வேண்டும். அந்த வருமானத்தில் ஆசிரியர்கள் சாப்பிடுவார்கள். பையன்களிடம் சம்பளம் வாங்குவதில்லை. 1773-இல் போப்பாண்டவர் அந்தச் சபையைக் கலைத்தார். 1814-இல் அது மீண்டும் உயிர் பெற்றபோது பழைய சொத்துக்கள் கையில் இல்லை. வேறு வழியில்லாமல் 1833-இல் போப்பாண்டவரிடம் விலக்குப் பெற்றுத்தான் சம்பளம் வாங்கத் தொடங்கினார்கள்.

விலக்கு என்கிற சொல்லை வாசகர்கள் கவனிக்க வேண்டும். காய்ச்சல்காரன் விரதத்துக்கு விலக்குக் கேட்கிற மாதிரி கேட்டு வாங்கிய சலுகை அது. இன்றைக்கு அந்த விலக்கே விதியாக உட்கார்ந்துகொண்டிருக்கிறது. விதி எங்கே போயிற்று என்று கேட்கக்கூட ஆளில்லை.

நம் நாட்டில் இதற்கு ஒரு மாற்றுவழி கிடைத்தது. 1854-இல் வந்த சர் சார்லஸ் வுட்டின் கல்வி அறிக்கை, தனியார் நடத்தும் பள்ளிகளுக்குச் சர்க்கார் மானியம் கொடுக்கலாம் என்று வழி காட்டியது. அந்த வழியில்தான் நம் பக்கத்து மிஷன் பள்ளிகள் வளர்ந்தன. நாகப்பட்டினத்தில் 1844-இல் தொடங்கி 1883-இல் திருச்சிக்கு இடம் மாறிய செயிண்ட் ஜோசப் கலாசாலை, பாளையங்கோட்டை செயிண்ட் சேவியர் பள்ளி எல்லாம் இந்த மண்ணின் அறிவு வரலாற்றில் ஒரு பகுதி. கோயமுத்தூரில் பாரிஸ் மிஷன் பாதிரிமார் ஊன்றிய வேர் பழமையானது. 1850-லேயே இது தனி மறைமாவட்டப் பகுதியாகிவிட்டது. பெரிய கடைவீதிப் பக்கம் பேராலயத்தை ஒட்டி நிற்கிற செயிண்ட் மைக்கேல் பள்ளி அந்தப் பரம்பரையின் குழந்தை. ராமேசுவரத்துப் படகுக்காரர் வீட்டுப் பையன் அப்துல் கலாம் 1954-இல் பட்டப்படிப்பு முடித்தது திருச்சி செயிண்ட் ஜோசப்பில்தான். பாதிரிமார் இந்த நாட்டுக்குச் செய்த நன்மையை மறந்து பேசுகிறவன் நன்றி கெட்டவன். நான் அந்த நன்மையை ஞாபகம் வைத்துக்கொண்டுதான் பேசுகிறேன். அது இல்லாத இடத்தில் எனக்கு வழக்கே இல்லை. லாபத்துக்குக் கடை திறந்தவனிடம் போய் 'ஏன் ஐயா லாபம் பார்க்கிறாய்?' என்று எவனாவது கேட்பானா?

இப்போது நடப்பதைச் சொல்கிறேன்.

என் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளிப் பட்டறை வைத்திருக்கிற ஒருவர். இரண்டு லேத்து, ஒரு டிரில்லிங் மிஷின். பம்ப்செட் கம்பெனிகளுக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுக்கிறார். தான் ஏழாவதோடு நின்றதால் மகனைப் பெரிய பள்ளியில் சேர்க்க வேண்டும் என்று ஆசை. எப்படியோ பாடுபட்டுப் பாதிரிமார் நடத்தும் ஒரு பள்ளியில் சேர்த்துவிட்டார். பையன் ஒன்பதாம் வகுப்பில் கணக்கிலும் விஞ்ஞானத்திலும் தேறவில்லை. கூப்பிட்டு அனுப்பினார்கள். 'நீங்க நாலு எழுத்துத் தெரிஞ்சவங்க, கூட வாங்க' என்று என்னை அழைத்துக்கொண்டு போனார்.

தலைமையாசிரியரான பாதிரியார் மரியாதைக்காரர். எங்களை உட்காரச் சொன்னார். கோபமாக ஒரு வார்த்தை பேசவில்லை.

"உங்க பையன் நல்ல பையன். ஒழுக்கத்திலே ஒரு குறையும் இல்லை. ஆனா இங்கே பத்தாவது, பன்னிரண்டாவது ரெண்டும் ரொம்பக் கஷ்டம். மேலே பெரிய காலேஜுக்குப் போகிற பிள்ளைங்களுக்கான பள்ளி இது. பையனைச் சிரமப்படுத்த வேண்டாமே? வேறே ஸ்கூல்லே சேர்த்தா அவனுக்கும் நிம்மதி."

"ஏனுங் ஃபாதர், இன்னொரு வருசம் ஒம்பதாவதே படிக்கட்டுங்களே? நான் சம்பளம் கட்டிப்போடறனுங்க."

"அது பையனுக்கு அவமானம் இல்லீங்களா?"

அவ்வளவுதான். பத்து நிமிஷத்தில் காரியம் முடிந்தது. மாற்றுச் சான்றிதழை வாங்கிப் பார்த்தேன். பள்ளியை விட்டு விலகும் காரணம் என்ற இடத்தில் 'பெற்றோர் விருப்பப்படி' என்று எழுதியிருந்தது. வெளியே வந்ததும் அதைப் படித்துக் காட்டச் சொன்னார். படித்தேன். "நானெங்கீங்க விருப்பப்பட்டேன்? அவங்கதானுங்களே விருப்பப்பட்டாங்க!" என்றார். அதற்கு மேல் அவர் ஒன்றும் பேசவில்லை.

அந்தப் பையன் சாயங்காலங்களில் தகப்பனாரின் பட்டறையில் நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். வெர்னியர் அளவுகோலை வைத்து ஷாஃப்டின் விட்டத்தைப் பார்த்து, மில்லிமீட்டரின் பின்னத்தைத் தப்பில்லாமல் சொல்லுவான். கணக்கில் தேறாதவன் அவன்! அவனுக்குக் கணக்கு வரவில்லையா, கணக்கை அவனிடம் கொண்டுவரத் தெரிந்தவர்கள் அங்கே இல்லையா என்று யாரும் விசாரிக்கவில்லை. விசாரிக்க அவசியம் என்ன இருக்கிறது? பத்தாம் வகுப்பில் நூற்றுக்கு நூறு தேர்ச்சி என்று பலகை வைக்க வேண்டும். அந்தப் பலகைக்கு அவன் இடைஞ்சல்.

எட்டாம் வகுப்பு வரை நம் மாகாணத்தில் ஒரு குழந்தையை ஃபெயிலாக்கி நிறுத்துவதில்லை. பத்தாம் வகுப்பில் சர்க்கார் பரீட்சை. ஆகவே கத்தி இறங்குவது ஒன்பதாம் வகுப்பில்தான். தப்பிப் பிழைத்து மேலே வந்தவனுக்கும் பதினோராம் வகுப்புப் பாடம் கிடைப்பதில்லை. இரண்டு வருஷமும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே உருப்போட வைப்பது பல தனியார் பள்ளிகளில் வழக்கமாகிப் போனதால்தான், 2017-18-ஆம் கல்வியாண்டில் சர்க்கார் பதினோராம் வகுப்புக்கும் பொதுப்பரீட்சை கொண்டுவந்தது. 2025-இல் அதையும் எடுத்துவிட்டார்கள். அதே 2017-இல்தான் மாகாணத்தில் முதல்வன், இரண்டாமவன் என்று பட்டியல் போடுவதையும் சர்க்கார் நிறுத்தியது. நிறுத்தி என்ன பிரயோசனம்? பள்ளிகளும் பயிற்சி நிலையங்களும் பையன்களின் மூஞ்சியை ஃபிளெக்ஸ் பலகையில் போட்டு அவிநாசி ரோடு முழுக்க நட்டுவைத்திருக்கின்றன. கீழே மார்க்கு. மார்க்கு இல்லாத பையனின் படம் எந்தப் பலகையிலும் இல்லை. அவனும் அதே பள்ளியில், அதே பெஞ்சில்தானே இருந்தான்?

இதற்கு அவர்கள் சொல்லும் சமாதானங்கள் எனக்குத் தெரியும். ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்ளலாம்.

முதலாவது: 'தரம் காப்பாற்ற வேண்டும்.' எந்தத் தரத்தை? வருகிறவர்களில் வல்லவனைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு, தளர்ந்தவனை வழியில் இறக்கிவிட்டு, கடைசியில் மிஞ்சியவர்கள் எல்லாரும் வல்லவர்கள் என்று காட்டுவதற்குப் பள்ளிக்கூடம் எதற்கு? ஒரு சல்லடை போதுமே. அரிசியைச் சலித்தவன் 'நான் அரிசியை விளைவித்தேன்' என்று சொல்லிக்கொண்டு திரிந்தால் கழனியில் இறங்கியவன் சிரிக்க மாட்டானா?

இரண்டாவது: 'நாங்கள் என்ன செய்வோம்? பெற்றோர்கள் அதைத்தானே கேட்கிறார்கள்?' இதில் உண்மை இருக்கிறது. அந்த உண்மை நம் பக்கம், இதை வாசித்துக்கொண்டிருக்கிற உங்கள் பக்கம், திரும்ப வேண்டியது. விடியற்காலை வரிசையில் நிற்பது யார்? பட்டறைக்காரர் எப்போதோ ஒருவர், மற்றவர்கள் நாம்தான். 'அந்த ஸ்கூலில் கண்ட கண்ட பிள்ளைகளைச் சேர்க்கிறதில்லை' என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வது யார்? நம் பிள்ளையின் பக்கத்தில் யார் உட்காரக் கூடாது என்பதற்காகவும் சேர்த்தேதான் நாம் சம்பளம் கட்டுகிறோம். பாதிரிமார் நம்முடைய ஆசையைத் தெரிந்துகொண்டு சப்ளை செய்கிறார்கள். ஆனால் ஒன்று. ஜனங்கள் கேட்டதையெல்லாம் கொடுப்பதற்கு மளிகைக்கடை இருக்கிறது. ஜனங்கள் கேட்கத் தெரியாததைக் கொடுப்பதற்கல்லவா குருமார் என்று சிலர் குடும்பத்தைத் துறந்து புறப்பட்டார்கள்?

மூன்றாவது: 'சிறுபான்மையோருக்குச் சட்டம் கொடுத்த உரிமை.' அரசியல் சட்டத்தின் 30-ஆம் ஷரத்து, தாங்கள் விரும்பிய கல்வி ஸ்தாபனங்களை நிறுவவும் நிர்வகிக்கவும் சிறுபான்மையோருக்கு உரிமை அளிக்கிறது. அந்த உரிமை இருக்க வேண்டியதுதான்; அதைப் பிடுங்க நினைக்கிறவர்கள் இன்றைக்கு நாட்டில் பலமாக இருக்கிறார்கள், அவர்களோடு என்னைச் சேர்த்து எண்ணிவிட வேண்டாம். நான் கேட்பது, அந்த உரிமையை எதற்குச் செலவழிக்கிறீர்கள் என்பது. 2009-இல் வந்த கட்டாயக் கல்விச் சட்டம், மானியம் பெறாத தனியார் பள்ளிகள் ஆரம்ப வகுப்பில் நூற்றுக்கு 25 இடம் ஏழைப் பிள்ளைகளுக்கு ஒதுக்க வேண்டும் என்றது. 2014-இல் சுப்ரீம் கோர்ட்டு, சிறுபான்மைப் பள்ளிகளுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்று தீர்ப்புச் சொன்னது. 2025 செப்டம்பரில் அதே கோர்ட்டின் இன்னொரு அமர்வு அந்தத் தீர்ப்பின் மேல் சந்தேகம் தெரிவித்து, பெரிய அமர்வு பார்க்கட்டும் என்று அனுப்பியிருக்கிறது. வழக்கு எப்படி முடிந்தாலும் முடியட்டும். ஏழைக்குக் கால்வாசி இடம் கொடு என்று சட்டம் சொன்னபோது, ஏழையின் பெயரால் உலகெங்கும் கோயில் கட்டிய ஒரு மதத்தின் பள்ளிகள் 'நாங்கள் கால்வாசி என்ன, பாதியே கொடுக்கிறோம், சட்டம் எதற்கு?' என்று முன்னால் வந்து சொல்லியிருக்க வேண்டாமா? விலக்குக் கிடைத்தது என்று ஆறுதல்பட்டால், 1833-இல் வாங்கியதோடு இது இரண்டாவது விலக்கு.

நான்காவது: 'பக்கத்திலேயே மானியப் பள்ளியும் நடத்துகிறோமே, அங்கே ஏழைகள் படிக்கிறார்களே!' இதுதான் என்னை அதிகமாகச் சுடுகிறது. ஒரே சபை, ஒரே சிலுவை. ஒரு மதிலுக்கு இந்தப் பக்கம் மானியம் பெறும் தமிழ்ப்பள்ளி, அந்தப் பக்கம் சம்பளம் வாங்கும் இங்கிலீஷ் பள்ளி. பல ஊர்களில் காணும் காட்சி இது. சபையின் கெட்டிக்கார நிர்வாகி எந்தப் பக்கம் போகிறார், புதிய கட்டடம் எந்தப் பக்கம் எழும்புகிறது என்று பார்த்தால் போதும். மானியப் பள்ளிப் பையனுக்கு இன்னொரு விசித்திரமான கதியும் நேர்ந்திருக்கிறது. 2020-இல் நம் சர்க்கார் மருத்துவப் படிப்பில் நூற்றுக்கு 7.5 இடங்களைச் சர்க்கார் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒதுக்கிச் சட்டம் செய்தது. நல்ல சட்டம். ஆனால் மானியப் பள்ளிப் பையனுக்கு அதில் இடமில்லை. 'நீ சர்க்கார் பள்ளி இல்லை' என்று சர்க்கார் சொல்கிறது. 'நீ எங்கள் பெரிய பள்ளி இல்லை' என்று சபை சொல்கிறது. 2024 ஆகஸ்டில் நம் கோயமுத்தூரில் வைத்துத்தான் 'தமிழ்ப் புதல்வன்' திட்டத்தைத் தொடங்கினார்கள். அதில் மானியப் பள்ளியில் தமிழில் படித்த பையனுக்கும் கல்லூரிக் காலத்தில் மாதம் 1000 ரூபாய் உண்டு. சர்க்காருக்காவது பாதி ஞாபகம் வந்திருக்கிறது. அவனுக்குத் தகப்பன் ஸ்தானத்தில் இருக்க வேண்டியவர்களுக்கு எப்போது வரும்?

இதையெல்லாம் வெளியிலிருந்து வந்த ஒரு நாவலாசிரியன்தான் சொல்கிறான் என்று தள்ளிவிட முடியாது. 1973-இல், ஏசு சபையின் உலகத் தலைவராக இருந்த பெட்ரோ அருப்பே ஸ்பெயின் தேசத்து வலென்சியா நகரில் தங்கள் பள்ளிகளில் படித்துப் பெரிய மனிதர்களானவர்களின் மகாநாட்டில் பேசினார். நீதிக்காக வாழும்படி உங்களை நாங்கள் பழக்கினோமா என்று தாமே கேள்வி எழுப்பி, இல்லை என்று தாமே பதிலும் சொன்னார். அந்தப் பேச்சைக் கேட்டுப் பழைய மாணவர்களில் சிலர் கோபித்துக்கொண்டார்கள். ஒரு பள்ளியின் தலைவர் தம் பள்ளியின் வெற்றிபெற்ற பிள்ளைகளைப் பார்த்து இப்படிப் பேச எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

அவருக்கும் முன்னால், இத்தாலியில் மிலானி என்று ஒரு பாதிரியார். மேலிடத்துக்குப் பிடிக்காமல் போனதால் 1954-இல் அவரை ஃபிளாரன்ஸ் பக்கத்து மலையில் பார்பியானா என்ற குக்கிராமத்துக்கு மாற்றினார்கள். அங்கே குடியானவப் பிள்ளைகளை, அதுவும் பள்ளிக்கூடங்கள் ஃபெயிலாக்கித் தள்ளிய பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒரு பள்ளி நடத்தினார். 1967-இல், அவர் சாவதற்குக் கொஞ்சம் முன்னால், அந்தப் பையன்களில் எட்டுப் பேர் சேர்ந்து தங்களை ஃபெயிலாக்கிய ஆசிரியைக்கு எழுதுகிற கடிதமாக ஒரு புத்தகம் எழுதினார்கள். புள்ளிவிவரம் சேர்த்து, ஃபெயிலாகிறவன் எந்த வீட்டுப் பிள்ளை, பாஸாகிறவன் எந்த வீட்டுப் பிள்ளை என்று கணக்குப் போட்டுக் காட்டினார்கள். கணக்கில் தேறாத பையன்கள் போட்ட கணக்கு! இத்தாலியின் கல்வி உலகம் அதைப் படித்துவிட்டுப் பல வருஷம் சண்டை போட்டது.

அமெரிக்காவிலும் எல்லாம் ஒரே மாதிரி இல்லை. நியூயார்க் நகரத்தில் 1914 முதல் ரீஜிஸ் என்று ஏசு சபையாரின் ஆண்பிள்ளைப் பள்ளி ஒன்று நடக்கிறது. கல்லூரிக்குத் தயார் செய்யும் பள்ளிதான். ஆனால் சம்பளமே கிடையாது. ஒரு சீமாட்டி பெயர் சொல்லாமல் கொடுத்த பணத்தில் தொடங்கியது. நம் பீளமேட்டின் ஐந்தாம் பங்கு மாதிரி. நல்ல காரியம். ஆயினும் உள்ளே போகப் பரீட்சை எழுதித் தேற வேண்டும். காசுச் சல்லடையை எடுத்துவிட்டார்கள், மார்க்குச் சல்லடை அப்படியே நிற்கிறது. சிகாகோ நகரத்தில் 1996-இல் அவர்களே தொடங்கிய கிறிஸ்டோ ரே பள்ளியில் இன்னொரு வழி பார்த்தார்கள். ஏழைக் குடியேறிகளின் பிள்ளைகள் மாதத்தில் சில நாள் கம்பெனிகளில் வேலை செய்கிறார்கள். அந்தக் கூலி அவர்களுடைய படிப்புச் செலவுக்குப் போகிறது. குழந்தைகளை வேலைக்கு அனுப்புவதா என்று எனக்கு அதிலும் நெருடல் உண்டு. ஆனால் ஏழையை எப்படி உள்ளே கொண்டுவருவது என்று யோசித்து மூளையைக் கசக்கியிருக்கிறார்கள். எப்படி வெளியே அனுப்புவது என்று யோசிப்பதைவிட இது மேல்.

கடைசியாக ஒரு கணக்கு. 2021-22-ஆம் வருஷத்து அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி, கல்லூரி வயதிலிருப்பவர்கள் நூறு பேருக்குத் தமிழ்நாட்டில் கல்லூரியில் இருப்பவர்கள் 47. இந்தியா முழுவதும் சேர்த்தால் 28 சொச்சம்தான். நம்முடையது நல்ல எண்ணிக்கை, பெருமைப்படலாம். ஆனால் பாதிக்கு மேல் வெளியேதானே நிற்கிறார்கள்? கல்லூரிக்குத் தயார் செய்வது மட்டுமே பள்ளியின் வேலை என்றால், அந்தப் பாதிப் பேரின் பள்ளி வாழ்க்கைக்கு அர்த்தம் என்ன? போகாத ஊருக்கு வாங்கிய டிக்கட்டா அது?

பட்டறையில் நிற்கப் போகிறவனுக்கும், மில்லில் நூல் இணைக்கப் போகிறவனுக்கும், காடு தோட்டம் பார்க்கப் போகிறவனுக்கும் ஒரு நல்ல நாவல் வேண்டும், சரித்திரம் வேண்டும், தன் ஓட்டை யாருக்குப் போடுவது என்று யோசிக்கும் புத்தி வேண்டும், கையெழுத்துப் போடுமுன் கடன் பத்திரத்தைப் படிக்கத் தெரிய வேண்டும். பன்னிரண்டு வருஷத்துக்குப் பிறகு அவனுக்கு வேறு பள்ளிக்கூடம் கிடையாது. கல்லூரிக்குப் போகிறவனுக்கு இன்னும் நாலு வருஷம் இருக்கிறது; போகாதவனுக்குத்தான் பள்ளிக்கூடம் அதிகமாகக் கடன்பட்டிருக்கிறது. நாமோ அந்தக் கடனைத் தலைகீழாகத் தீர்க்கிறோம்.

பீளமேட்டில் 'ஹோப் காலேஜ்' என்று ஒரு பஸ் நிறுத்தம் இருக்கிறது. புதிதாக வருகிறவர்கள் இறங்கிக் கல்லூரியைத் தேடுவார்கள். ஜி.டி. நாயுடு 1945-இல் கவர்னர் ஆர்தர் ஹோப்பின் பெயரில் தொடங்கிய தொழிற்கல்லூரி அது. பிற்பாடு சர்க்கார் கைக்குப் போய்த் தடாகம் ரோட்டுக்குக் குடிபோய்விட்டது. நாயுடு தாம் ஆரம்பப் பள்ளியைத் தாண்டாதவர். நாலு வருஷப் படிப்பு வீண், கையும் மூளையும் சேர்ந்து வேலை செய்தால் சீக்கிரமே முடிக்கலாம் என்று வாதாடி, சர்க்கார் கேட்காததால் விலகிக்கொண்டவர். அவர் சொன்னது முழுக்கச் சரியா என்பது வேறு விஷயம். கோயமுத்தூரின் தொழிலை உண்டாக்கியவர்களில் எத்தனை பேர் இன்றைய நம் பெரிய பள்ளிகளில் ஒன்பதாம் வகுப்பைத் தாண்டியிருப்பார்கள் என்று நினைத்துப் பார்த்தால் எனக்குச் சிரிப்பும் வருகிறது, பயமும் வருகிறது.

பாதிரிமாருக்கு நான் வைக்கும் கோரிக்கைகள் மூன்று. மூன்றுக்கும் சட்டம் வேண்டாம், சர்க்கார் உத்தரவு வேண்டாம், மனம் இருந்தால் வருகிற ஜூன் மாதமே ஆரம்பிக்கலாம். ஒன்று, முதல் வகுப்பில் சேர்த்த பையனைப் பன்னிரண்டாம் வகுப்பு வரை மார்க்கைக் காட்டி வெளியே அனுப்புவதில்லை என்று வாசலிலே எழுதி வையுங்கள். இரண்டு, தாய் தகப்பனை நேர்முகப் பரீட்சைக்குக் கூப்பிடுவதை நிறுத்துங்கள். இடத்துக்கு மேல் விண்ணப்பம் வந்தால் சீட்டுக் குலுக்கிப் போடுங்கள். மூன்று, மதிலுக்கு இரண்டு பக்கமும் ஒரே ஆசிரியர்கள், ஒரே நூலகம், ஒரே மைதானம் என்று ஆக்குங்கள். இப்படிச் செய்தால் தேர்ச்சி விகிதம் இரண்டு மூன்று குறையும். வரிசையில் நிற்கிற எங்களில் சிலர் வேறு வரிசைக்குப் போய்விடுவோம். போகட்டுமே! உங்கள் பள்ளியின் பெயருக்கு எல்லாருக்கும் என்று அர்த்தம். எங்களுக்கு மட்டும் என்று அர்த்தமில்லை.

நமக்கு, அதாவது பிள்ளைகளைப் பெற்ற உங்களுக்கும் எனக்கும், ஒரே ஒரு கோரிக்கை. அடுத்த முறை ஒரு பள்ளிக்கூடத்தில் பிள்ளையைச் சேர்க்கப் போகும்போது, 'இங்கே எத்தனை பேர் மெடிகல் போனார்கள்?' என்று கேட்பதற்கு முன்னால், 'போன வருஷம் ஒன்பதாம் வகுப்பிலிருந்து எத்தனை பேரை அனுப்பினீர்கள்? அவர்கள் இப்போது எங்கே?' என்று கேளுங்கள். பத்துப் பேர் கேட்டால் தலைமையாசிரியர் சங்கடப்படுவார். நூறு பேர் கேட்டால் கணக்கு வைக்கத் தொடங்குவார். கணக்கு வைத்த பிறகு 'பெற்றோர் விருப்பப்படி' என்று எழுத அவருக்குக் கை வராது.